டூலை மூடிட்டா வேலையும் போச்சா? ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனருக்கு சொந்த வலைப்பூ ஏன் தேவை?

"இதுக்கு முன்னாடி பண்ண வெப்சைட் நாலு காட்டுங்க தம்பி."

ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனராக வேலை தேடும் யாரிடமும் முதலில் கேட்கப்படுவது இதுதான். எங்கே படிச்சீங்க, என்ன டிகிரி என்பதெல்லாம் அப்புறம்.

நம்ம ஆளும் வாட்ஸ்அப்பில் நாலு லிங்க் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் லிங்க் திறக்கவே இல்லை, அந்தக் கடையையே மூடிவிட்டார்கள். இரண்டாவது திறக்கிறது, ஆனால் வேறு யாரோ டிசைனை மொத்தமாக மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது, டிசைனை ஏற்றி வைத்திருந்த ஒரு ஆன்லைன் டூலின் லிங்க். அந்த டூலே இப்போது இல்லை. மிச்சம் இருப்பது ஒன்று. ஐந்து வருட உழைப்புக்கு ஒரே ஒரு லிங்க்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வெப் டிசைன் துறையில் கொஞ்ச காலம் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், "எனக்கும் நடந்திருக்கு" என்பார்கள்.

பெரிய கம்பெனி டூல் கூடவா மூடும்?

மூடும். மூடியிருக்கிறார்கள்.

வெப் டிசைனர்கள் தங்கள் டிசைனை கிளிக் செய்து பார்க்கும் மாதிரியாக மாற்றி வாடிக்கையாளருக்கு அனுப்ப, 'இன்விஷன்' என்ற ஆன்லைன் டூலை ஒரு காலத்தில் உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். 2011-ல் தொடங்கிய அந்த நிறுவனம், தன் டிசைன் சேவைகளை நிறுத்தப் போவதாக 2024 ஜனவரியில் அறிவித்தது. 2024 டிசம்பர் 31-உடன் கதை முடிந்தது. அதற்குள் தங்கள் கோப்புகளை இறக்கி வைக்காதவர்களுக்கு, பழைய லிங்க் எல்லாம் வெறும் லிங்க்தான்.

அடோபி நிறுவனத்தின் 'மியூஸ்' இன்னொரு உதாரணம். கோடிங் தெரியாமலே வெப்சைட் செய்யலாம் என்று வந்த மென்பொருள் அது. 2018 மார்ச்சில் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள், 2020 மார்ச்சில் சப்போர்ட்டும் நின்றது. ஃபிளாஷ் கதை எல்லோருக்கும் தெரியும். அசையும் படம், விளையாட்டு, முழு வெப்சைட் என்று அதையே நம்பி ஒரு தலைமுறை டிசைனர்கள் இருந்தார்கள். 2020 டிசம்பர் 31-ல் அதற்கும் மூடுவிழா. அந்த வேலைகளில் பலவற்றை இன்றைய பிரவுசரில் நேரடியாகத் திறக்கவே முடியாது.

இன்னும் பின்னால் போனால், இலவசமாக வெப்சைட் வைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது. லட்சக்கணக்கானவர்களின் முதல் வெப்சைட் அங்கேதான் இருந்தது. தன்னார்வலர்கள் சிலர் கடைசி நேரத்தில் ஓடி ஓடி நகலெடுத்ததால்தான் கொஞ்சமாவது மிஞ்சியது.

மூடாவிட்டாலும் பிரச்னை வருமா?

வரும். டூல் அப்படியே இருக்கும், ஆனால் முடிவு எடுப்பவர் மாறிவிடுவார்.

முன்பெல்லாம் போட்டோஷாப் போன்ற மென்பொருளை ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். 2013-ல் அடோபி மாதச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா கட்டும் வரை திறக்கலாம், நிறுத்தினால் கதவு மூடிவிடும். வீட்டு வாடகை மாதிரிதான், ஓனர் ஏத்தினா நாமளும் ஏத்திக் கொடுக்கணும்.

இன்று பல டிசைனர்கள் பயன்படுத்தும் ஃபிக்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இதை சுமார் 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக 2022 செப்டம்பரில் அடோபி அறிவித்தது. ஐரோப்பிய, பிரிட்டன் போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் 2023 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இதற்கிடையே அடோபி தன் சொந்த 'எக்ஸ்டி' டூலில் புதிதாக எதுவும் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. எக்ஸ்டி-யை நம்பிக் கற்றுக்கொண்டவர்கள் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஃபிக்மாவோ 2025 ஜூலையில் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது.

சில சமயம் மாற்றம் நல்லதாகவும் முடியும். காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த 'அஃபினிட்டி' மென்பொருளை 2024-ல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அந்த முடிவையும் டிசைனர் எடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அதுக்காக டூல் எதையும் தொடாமல் இருக்க முடியுமா? முடியாது. இருக்கவும் வேண்டாம். டூல் வாடகைக்கு இருக்கட்டும், வேலை செய்ததற்கான ஆதாரம் சொந்த இடத்தில் இருக்க வேண்டும்.

சொந்த இடம்னா எது?

உங்கள் பெயரில் ஒரு டொமைன், அதில் ஒரு வலைப்பூ. அவ்வளவுதான்.

டொமைனும் வருடா வருடம் காசு கட்டும் விஷயம்தானே என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. டொமைனை ஒரு பதிவு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெப்சைட்டை வைத்திருக்கும் சர்வரையும் மாற்றலாம். முகவரி அப்படியே இருக்கும். மொபைல் நம்பரை மாற்றாமல் நெட்வொர்க்கை மட்டும் மாற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதே சங்கதி.

வலைப்பூவுக்கு வேர்ட்பிரஸ் பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. 2003-ல் வந்த இந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளில்தான் உலகின் வெப்சைட்டுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் ஓடுகின்றன. இதில் ஒரு குழப்பம் வரும். 'வேர்ட்பிரஸ் டாட் காம்' என்பது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை. 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்'கில் கிடைப்பது மென்பொருள், அதை நீங்களே உங்கள் சர்வரில் போட்டுக்கொள்ளலாம். இரண்டிலும் எழுதியதை மொத்தமாக ஏற்றுமதி செய்து வெளியே எடுக்க வழி உண்டு. எந்த இடத்தில் எழுதத் தொடங்கினாலும், "இதை வெளியே எடுக்க முடியுமா?" என்ற ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பீஹான்ஸ் போன்ற தளங்களில் போர்ட்ஃபோலியோ வைப்பது தவறில்லை. அங்கே கூட்டம் இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் அது கண்காட்சியில் போடும் ஸ்டால் மாதிரி. கடை வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

சரி, வலைப்பூவில் என்ன எழுதுறது?

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். "வெப்சைட் ஏன் முக்கியம்? 10 காரணங்கள்" என்று எழுதி வைப்பார்கள். அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஏஐ-யிடம் கேட்டால் பத்து நொடியில் அதே பத்து காரணங்கள் வந்துவிடும்.

நீங்கள் கையால் தொட்டுத் தீர்த்த பிரச்னையை எழுதுங்கள். தமிழில் வெப்சைட் செய்பவர்களுக்கு இதற்குப் பஞ்சமே இல்லை.

உதாரணம் பாருங்க. டிசைனர் ஆங்கிலத்தில் மாதிரி செய்து காட்டுகிறார். எழுத்துரு 'பாப்பின்ஸ்', பார்க்க அழகாக இருக்கும். வாடிக்கையாளர் ஓகே சொல்லிவிட்டார். பிறகு தமிழ் வாசகங்களைப் போட்டதும் பக்கம் வேறு மாதிரி தெரிகிறது. காரணம், பாப்பின்ஸில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அதனால் போனில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை பிரவுசர் எடுத்துப் போட்டுவிடுகிறது. ஒரு போனில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் போன்ற இலவசத் தமிழ் எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன. எதை எந்த இடத்துக்குப் போட்டீர்கள், ஏன் என்று எழுதினாலே ஒரு நல்ல பதிவு.

அடுத்தது பட்டன். ஆங்கிலத்தில் 'செண்ட்' என்று நாலெழுத்தில் முடிவது, தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும். சின்ன போன் திரையில் பட்டன் உடைந்து இரண்டு வரியாகும். 'அனுப்பு' என்று மாற்றினால் தீர்ந்தது. இது டிசைன் வேலையா, மொழி வேலையா? இரண்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. ஒவ்வொரு எழுத்தாக டைப் ஆவது போன்ற அனிமேஷனைத் தமிழில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 'கி' என்பது திரையில் ஓரெழுத்து. யூனிகோடில் அது 'க' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு துண்டு. சாதாரண கோடு அதைப் பிய்த்து, முதலில் 'க', அப்புறம் கொக்கி என்று காட்டும். சில சமயம் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு கொக்கி தனியாகத் தொங்கும். கடை பெயர் அப்படித் திரையில் தெரிந்தால் ஓனருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? இதை எப்படிச் சரி செய்தீர்கள் என்று படத்தோடு எழுதி வையுங்கள். நாளைக்கு இதே சிக்கலில் மாட்டிய ஒருவர் கூகுளில் தேடும்போது உங்கள் பெயர் வரும். வேலை அப்படித்தான் வரும், "நான் பெஸ்ட் டிசைனர்" என்று போட்டுக்கொள்வதால் அல்ல.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த வெப்சைட்டை யூனிகோடுக்கு மாற்றிய அனுபவம் இருந்தால் அதையும் எழுதலாம். அந்தப் பழைய பக்கங்களில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். அதனால் தமிழில் தேடினால் அவை அகப்படாது. பழைய பள்ளி, கோயில், பத்திரிகை வெப்சைட்டுகளுக்கு இந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

வாடிக்கையாளர் வேலையை நம்ம பக்கத்தில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுவதுதான் நல்லது. அதுவும் எழுத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பல டிசைனர்களுக்கே தெரியாது. இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-ன் பொதுவான விதி இது: படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் என்றால் விதிவிலக்கு, உரிமை நிறுவனத்துக்குப் போகும். ஃப்ரீலான்ஸர் ஊழியர் இல்லை. எனவே அவர் எழுதிய கோடின் உரிமை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொதுவாக அவரிடமே இருக்கும். போட்டோ, ஓவியம், திரைப்படம் போன்றவற்றைக் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால் மட்டும் கதை வேறு.

உரிமையை மாற்றித் தருவதற்கும் பிரிவு 19-ல் விதி உண்டு. கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் தேவை. எத்தனை வருடம் என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர்கள் இதைத் தெரிந்துகொண்டால் அவர்களே ஒப்பந்தம் கேட்பார்கள். அந்தத் தாளில் "இந்த வேலையை என் போர்ட்ஃபோலியோவில் காட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பின்னால் வரும் சங்கடம் பாதி குறையும்.

லோகோ விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கேன்வாவின் ரெடிமேட் லோகோ டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால், வாடிக்கையாளர் அதை டிரேட்மார்க் ஆக்கிக்கொள்ள கேன்வாவின் விதியே அனுமதிப்பதில்லை. அதே டெம்ப்ளேட்டை வேறு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான் காரணம். சொல்லாமல் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து வாடிக்கையாளர் டிரேட்மார்க்குக்குப் போகும்போது தெரியவந்தால் கெட்டது உங்கள் பெயர்தான்.

ஏஐ வந்தாச்சே, இனி டிசைனர் எதுக்கு?

நாலு பக்க சாதாரண வெப்சைட்டை இன்று ஏஐ டூலே செய்து தருகிறது. "பத்தாயிரம் ரூபாய்க்கு வெப்சைட்" என்று விளம்பரம் செய்து பிழைத்தவர்களுக்கு இது நெருக்கடிதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்த பட்டன் மேலே இருக்க வேண்டும், எந்த ஃபாரத்தில் ஆள் பாதியில் விட்டுப் போகிறார், அறுபது வயதுக்காரர் இந்தப் பக்கத்தைத் தடுமாறாமல் படிப்பாரா என்று உட்கார்ந்து பார்ப்பவருக்கு வேலை இருக்கிறது. "இந்த வருடம் எத்தனை டூல் கற்றேன்" என்பதைவிட, "எத்தனை பேரின் எந்தப் பிரச்னையைத் தீர்த்தேன்" என்று இலக்கு வைப்பது புத்திசாலித்தனம். வலைப்பூவில் எழுதி வந்தால் அந்தக் கணக்கு தானாகச் சேரும்.

இன்னைக்கே என்ன செய்யலாம்?

முதலில் பழைய வேலைகளை இறக்குங்கள். ஃபிக்மாவில் அதன் சொந்தக் கோப்பாகச் சேமித்தால் அதைத் திறக்கப் பெரும்பாலும் மறுபடியும் ஃபிக்மாதான் வேண்டும். அதனால் பிடிஎஃப், படம் என இன்னொரு நகலும் எடுத்து வையுங்கள். நேரலையில் இருக்கும் வெப்சைட்டுகளை போன் திரையிலும் கம்ப்யூட்டர் திரையிலும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் 'வேபேக் மெஷின்' தளத்தில் முகவரியைக் கொடுத்து அந்தப் பக்கத்தை இலவசமாகச் சேமிக்கவும் செய்யலாம். தேதியோடு பதிவாகும். பிற்பாடு "இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டால் காட்டலாம்.

வாடிக்கையாளரின் டொமைனை உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தால், அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடுங்கள். இதில்தான் நிறையச் சண்டை வருகிறது.

கடைசியாக உங்கள் சொந்த டொமைன். அதற்கு எந்த மெயில் ஐடி கொடுத்திருக்கிறீர்கள் என்று போய்ப் பாருங்கள். காலேஜ் காலத்து மெயிலாக இருந்தால் புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் உங்கள் கண்ணில் படாது. பணம் பிடிக்கும் கார்டு காலாவதியாகியிருந்தால் தானாகப் புதுப்பிப்பதும் நடக்காது. டாட் காம் போன்ற டொமைன்கள் காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் வரை கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன் பிறகு அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.