கல்லாவில் உட்கார்ந்திருக்கும் இத்தாலியச் சொற்கள்



காலையில் கடை திறந்து கல்லாவில் அமர்ந்ததும் 'பேங்க்', 'கேஷ்', 'கிரெடிட்' என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். எல்லாமே ஆங்கிலம் என்பது நம் எண்ணம். ஆனால் அவை ஆங்கிலத்துக்கு வருமுன், வெனிஸ், ஜெனோவா, ஃபிளாரன்ஸ் நகரத்து வியாபாரிகளின் வாயில் புழங்கியவை. சில சொற்கள் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தன.

'பாங்கோ' என்றால் பெஞ்சுப் பலகை. சந்தையில் பலகை போட்டு நாணயம் மாற்றிக் கொடுத்தவர்களால் பேங்க் என்ற பெயர் வந்தது. 'பாங்கா ரோட்டா' என்றால் உடைந்த பலகை. ஆங்கிலத்தில் திவாலுக்குரிய சொல் இதிலிருந்து பிறந்ததே. கடனைத் தீர்க்காதவரின் பலகையை உடைத்துவிடுவார்களாம் என்று ஒரு கதையும் உண்டு.

'காஸா' என்றால் பெட்டி. பெட்டியின் பெயரே அதிலுள்ள ரொக்கத்துக்கும் ஆயிற்று. தென்னாட்டின் பழைய சில்லறை நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றது வேறு கதை. அது நம் 'காசு'!

மூட்டையை நிறுத்துச் சாக்கு எடையைக் கழிக்கிறோமே, அந்தக் கழிவுக்கு 'தாரா' என்று பெயர். அரபு மொழியில் 'தள்ளியது' என்ற பொருளுடைய சொல்லை இத்தாலியர் எடுத்துக்கொண்டார்கள். 'நெட்டோ' என்றால் சுத்தமானது. சாக்கு நீங்கிய நிகர எடை.

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம். 'கிரெடிட்' என்பதன் வேர் 'நம்புதல்'. கடன் கொடுப்பது என்றால் ஆளை நம்புவது. ஃபிளாரன்சின் பெரும் நிறுவனங்களான பெருஸ்ஸியும் பார்டியும் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டை நம்பிக் கடனை அள்ளிக் கொடுத்தன. மன்னர் திருப்பித் தரவில்லை. 1343-ல் பெருஸ்ஸியும் 1346-ல் பார்டியும் விழுந்தன. வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், அந்த வாராக்கடன் பெரிய அடி. அரசனுக்குக் கொடுத்த கடனே வராதபோது, பெரிய இடம் என்பதற்காக நாம் கணக்கில்லாமல் சரக்கு அனுப்பலாமா?

நம்பிக்கைக்கு எல்லை கட்டுவது கணக்கு. பற்றும் வரவும் இரு பக்கமாக எழுதும் வெனிஸ் முறையை விளக்கி, 1494-ல் லூக்கா பச்சோலி என்ற துறவி நூல் அச்சிட்டார். முறை அவர் கண்டுபிடித்ததல்ல, வியாபாரிகள் கைக்கொண்டிருந்ததே. குறிப்பேடு, நாளேடு, பேரேடு என மூன்று வேண்டும் என்றார். ஏட்டின் தலைப்பில் இறைவன் பெயரை எழுதச் சொன்னார். நாம் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அதுபோலத்தான்.

நம் தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிக்கிறது. கடன் கேட்டு வருபவரிடம் முதல் நாணயத்தைவிட இரண்டாவது நாணயத்தைப் பார்ப்போம். பார்த்தபின், அன்றைக்கே ஏட்டில் எழுதியும் வைப்போம்.