இசைப் பதிவுக்கு ஏற்ற கணிப்பொறி



நம்மிடையே பாடுவோர் உளர். மிருதங்கம் பயின்றோர் உளர். கீபோர்டில் புதுமெட்டு அமைப்போரும் உளர். பொங்கல் விழா மேடையில் அவர்கள் இசைக்கும்போது மகிழ்கின்றோம். விழா முடிந்ததும் அவ்விசை காற்றோடு போய்விடுகின்றது. அதனைத் தம் அறையிலேயே பதிந்து வைக்க வேண்டும் என்னும் ஆவல் இன்று பலருக்கும் எழுந்துள்ளது. "எந்தக் கணிப்பொறி வாங்கலாம்?" என்று என்னைக் கேட்போர் பெருகிவிட்டனர். மின்னணுவியல் பயில்பவன் என்னும் முறையிலும், இத்தகைய கணிப்பொறிகள் இரண்டை உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டியவன் என்னும் முறையிலும் நான் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன்.

விளையாட்டுக்கு உகந்த கணிப்பொறி வேறு. இசைக்கு உகந்த கணிப்பொறி வேறு. முன்னதற்குப் படம் தீட்டும் ஆற்றல் வேண்டும். பின்னதற்கு வேண்டுவன இரண்டே: ஒன்று காலந்தவறாமை, மற்றொன்று அமைதி. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக் கொண்டால், எவ்வுறுப்புக்குப் பணம் செலவிட வேண்டும், எதற்கு வேண்டா என்பது தானே விளங்கும்.

காலந்தவறாமை என்றால் என்ன? பாடும் குரலை மைக் மின் அலையாக மாற்றுகின்றது. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் சிறு பெட்டி அவ்வலையை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகின்றது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால்தான் ஒலி முழுமையாகப் பதியும். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு நொடிக்கு 44,100 அளவுகளைக் கொண்டதும் இதனால்தான்.

இவ்வெண்கள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறிக்குள் செல்வதில்லை. கூட்டங் கூட்டமாகச் செல்கின்றன. அக்கூட்டம் சேரும் இடத்திற்குப் பஃபர் என்று பெயர். நம் ஊர் ஷேர் ஆட்டோவை எண்ணிப் பாருங்கள். ஆள் நிறைந்தால்தான் வண்டி புறப்படும். பெரிய வண்டியானால் நிறைய நேரமாகும்; முதலில் ஏறியவர் காத்திருக்க வேண்டும். சிறிய வண்டியானால் உடனே புறப்படும். ஆனால் ஓட்டுநர் ஓயாமல் போய்வர வேண்டும். ஒருமுறை அவர் பிந்தினாலும் நிறுத்தத்தில் குழப்பந்தான். பஃபரும் அத்தகையதே. பெரிதாக வைத்தால் ஒலி தாமதமாகும். சிறிதாக வைத்துக் கணிப்பொறி ஈடுகொடுக்காவிட்டால் 'சடசட' என்று ஒலி உடையும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 1,024 எண்கள் கொண்ட பஃபர் நிறைய ஏறத்தாழ 21 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒருமுறை, வெளியே செல்ல ஒருமுறை என 43 மில்லி நொடி. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கின்றது. ஆகவே ஹெட்ஃபோனில் தம் குரலைக் கேட்பவருக்கு, அக்குரல் பதினைந்து மீட்டர் தொலைவிலிருந்து வருவது போன்ற தாமதம் உண்டாகும். பஃபரை 128ஆகக் குறைத்தால் அதே கணக்கு 5 மில்லி நொடிக்குச் சற்று மேலாகத்தான் வரும். பிற தாமதங்களையும் கூட்டி மொத்தம் 10 மில்லி நொடிக்குள் அமைந்தால், பெரும்பாலோர் இடரின்றிப் பாடலாம்.

இது வெறும் கணக்கன்று. நன்கு பாடும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு தம் அறையில் பாடல் பதியத் தொடங்கினார். எத்தனை முறை பாடினாலும் தாளம் பின்தங்கியது. "எனக்கு லயம் கைவரவில்லை, இனிப் பாடுவதில்லை" என்று மனமுடைந்தார். மேடையில் ஒருநாளும் தாளம் தப்பாதவர் அவர்! நான் சென்று பார்த்தபோது பஃபர் 1,024இல் இருந்தது. தாமதமாக வந்த தம் குரலுக்குக் காத்துக் காத்தே அவர் பாடியிருக்கின்றார். பஃபரைக் குறைத்தால் அவருடைய பழைய மடிக்கணினி தாங்கவில்லை. எனவே புதிதாக ஒன்றைப் பூட்டினோம். இப்போது அவர் பாடிக்கொண்டிருக்கின்றார். குறை கருவியில் இருக்க, அதனைத் தம்மீது ஏற்றிக்கொண்டு கலையைக் கைவிடுவோர் இன்னும் எத்தனை பேரோ!

இனி உறுப்புகளைப் பார்ப்போம். பிராசசர் என்னும் செயலியே முதன்மையானது. அதில் 'கோர்' எனப்படும் பிரிவுகள் பல இருக்கும். பல பாட்டுத் தடங்களைப் பல கோர்கள் பங்கிட்டுக் கொள்ளும். ஆனால் ஒரே தடத்தில் எதிரொலி, சீர்திருத்தி என ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் அவற்றைப் பெரும்பாலும் ஒரே கோர்தான் சுமக்க வேண்டும். ஆகவே கோர்களின் எண்ணிக்கையை மட்டும் பாராது, ஒற்றைக் கோரின் விரைவையும் பாருங்கள்.

நினைவகமாகிய ராம், குரல் பதிவுக்கு மட்டுமென்றால் 16 ஜிபி போதும். வயலின், வீணை முதலியவற்றின் ஒலித்தொகுப்புகளை ஏற்றி இசையமைப்போருக்கு 32 ஜிபி நல்லது. சேமிப்புக்கு எஸ்எஸ்டி வாங்குங்கள். பதிவுக்குப் பெருவேகம் தேவைப்படுவதால் அன்று. 24 பிட் தடம் ஒன்று நிமிடத்திற்கு 9 எம்பிகூட எடுப்பதில்லை. ஒலித்தொகுப்புகள் விரைந்து ஏறுவதற்கும், சுழலும் தட்டின் இரைச்சல் மைக்கில் விழாதிருப்பதற்குமே எஸ்எஸ்டி வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு வேண்டா. செயலியுடன் இணைந்த கிராஃபிக்ஸே இசைக்குப் போதும். ஆனால் ஒன்றை மறவாதீர்: இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் 'எஃப்' என்னும் எழுத்து வந்தால் அதில் கிராஃபிக்ஸ் இராது. விலை குறைவு என்று அதனை வாங்கினால் தனிக் கார்டும் வாங்க நேரிடும். வண்ண விளக்குப் பெட்டியும் வேண்டா. அப்பணத்தில் ஆடியோ இன்டர்ஃபேஸும் நல்ல மைக்கும் வாங்கலாம். கண்டன்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் 48 வோல்ட் தருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அமைதி. சிறிய விசிறி விரைந்து சுழன்று இரைச்சலிடும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி மெல்லச் சுழன்றே அதே அளவு காற்றைத் தரும். தில்லிக் கோடையில் மெல்லிய மடிக்கணினி சூடேறி, வேகம் குன்றி, விசிறியும் அலறும். மேசைக் கணிப்பொறியை நான் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். பழுதான உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. 'உம்' என்னும் மின்சார முனகல் கேட்டால், கணிப்பொறி, இன்டர்ஃபேஸ், ஒலிபெருக்கி மூன்றையும் நல்ல எர்த் உள்ள ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் நீங்கிவிடும்.

பூட்டி முடித்ததும் வேலை தீர்ந்தது என்று எண்ணாதீர். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏசியோ டிரைவரையே இடுங்கள். பதியும்போது வைஃபையை நிறுத்துங்கள். மின்சிக்கன அமைப்பை மாற்றுங்கள். லினக்ஸ் விரும்புவோருக்கு ஒரு நற்செய்தி: காலந்தவறாது இயங்கும் நிகழ்நேர வசதி 2024இல் வெளிவந்த 6.12 பதிப்பிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆர்டர் என்னும் கட்டற்ற மென்பொருள் அதில் நன்கு இயங்கும்.

கையில் பணம் குறைவா? குரல் மட்டும் பதிவோர் இப்போதுள்ள கணிப்பொறியுடன் 'டைரக்ட் மானிட்டர்' வசதியுள்ள இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கினாலே போதும். குரல் கணிப்பொறிக்குள் சென்று திரும்பாமல் நேரே காதுக்கு வரும். கணிப்பொறிக்குள்ளேயே ஒலி பிறக்கும் கீபோர்டு இசைக்கு மட்டும் அவ்வழி உதவாது.

நேரு பிளேஸ் கடைகளுக்குச் செல்லுமுன் என்ன பதியப் போகின்றீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பின்னரே உறுப்புகளின் பட்டியலை எழுதுங்கள். திருகாணி முடுக்கத் துணை வேண்டுமெனில் சொல்லியனுப்புங்கள், வருகின்றேன். பாட வேண்டியவர்கள் நீங்கள்!