கண்ணுக்குப் புலப்படாத கோடு

நாட்டின் எல்லை வரைபடத்தில் தெளிவான கோடாகத் தெரியும். மண்ணில் அவ்வாறு தெரிவதில்லை. மலைமுகடும் ஓடையும் ஆடு மேய்ப்போர் நடந்த தடமும் இருபுறமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும், கோடு புலப்படாத இடத்திலும் சட்டம் செயல்படுகிறது. இதனை உணராத பயணம் எத்தகைய இடரில் முடியும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு நிகழ்வொன்று சான்றாகும்.

அருவிக்கு அப்பால்

ஈராக்கின் வடபகுதியில் அமைந்த குர்திஸ்தான், அக்காலத்தில் அந்நாட்டின் பிற பகுதிகளைவிட அமைதியாக இருந்தது. அங்கு, ஈரான் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் அகமது அவா என்னும் அருவி உள்ளது. உள்ளூர் மக்கள் விரும்பிச் செல்லும் சுற்றுலா இடம் அது. அருவியைக் காணச் சென்ற அமெரிக்க இளைஞர் மூவர், மலைத்தடத்தில் மேலும் நடந்தனர். ஜூலை 31 அன்று ஈரானியக் காவலர்கள் அவர்களைக் கைது செய்தனர்.

எல்லையைக் காட்டும் அடையாளம் எதுவும் அங்கில்லை என்றனர் மூவரும். ஒற்றறிய வந்தவர்கள் என்றது ஈரான். மூவருள் ஒருவரான பெண், ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்து 2010 செப்டம்பரில் பிணையில் விடுவிக்கப்பட்டார். மற்ற இருவருக்கும் 2011 ஆகஸ்டில் எட்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஓமன் நாட்டின் முயற்சியால், பிணைத்தொகை செலுத்தப்பட்டபின் அடுத்த மாதம் அவர்கள் விடுதலை பெற்றனர். மலைநடை ஒன்று ஈராண்டுச் சிறைவாழ்வாக நீண்டது.

பகைமையின் சுமை

அயல்நாட்டில் கைதானவர் தம் நாட்டுத் தூதரகத்துடன் தொடர்பு கொள்ளலாம் என்பது 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வழங்கும் உரிமை. ஆனால், அமெரிக்காவும் ஈரானும் 1980 முதல் தூதரக உறவு இல்லாத நாடுகள். ஈரானில் அமெரிக்கரின் நலன்களைச் சுவிட்சர்லாந்தே கவனித்து வருகிறது. நேரடிப் பேச்சுக்கு வழியில்லாதபோது சிறு பிழையும் அரசியல் சிக்கலாகிறது. அதன் சுமையைத் தனிமனிதரே சுமக்கின்றனர். அந்த எல்லையில் வேறோர் ஆபத்தும் உண்டு. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் – ஈராக் போரில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் இன்னும் முழுமையாக அகற்றப்படவில்லை.

அறிதலே முதற்காவல்

புதிய நிலங்களைக் காணும் வேட்கை குற்றமன்று. ஆயின், ஓரிடத்தின் அழகை அறிந்தால் மட்டும் போதாது. அது எந்நாட்டு எல்லையில் உள்ளது, அந்நாடுகளின் உறவு எத்தகையது என்பதையும் அறிதல் வேண்டும். அரசின் பயண அறிவுரையைப் படித்தல், உரிய அனுமதி பெறுதல், உள்ளூர் வழிகாட்டியுடன் செல்லுதல், செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் வீட்டாருக்குத் தெரிவித்தல் ஆகியன இன்றியமையாதவை. காவல் நிலைகளைப் படம் எடுத்தல் ஐயத்தை வளர்க்கும். எல்லை எங்குள்ளது என ஐயம் எழுந்தால், வந்த வழியே திரும்புவதே அறிவுடைமை. அவ்வாறு திரும்புதல் கோழைத்தனம் ஆகாது. மற்றொரு பயணத்திற்கு அதுவே வழிவிடும்.