கம்பும் காலடியும்

விருதுநகர் மாவட்டம் கரிசல் நிலம் மிகுந்தது. மழை குறைந்த அந்நிலத்தில் உழவை மட்டும் நம்பி வாழ்தல் அரிது. ஆதலின், இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களைச் சுற்றித் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றின. அத்தொழில்களில் ஈடுபட்டிருப்போருள் பெண்கள் மிகப் பலர். மாலையில் வேலை முடிந்ததும் பெருஞ்சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, சீமைக்கருவேல மரங்கள் அடர்ந்த கிளைச்சாலை வழியே தம் சிற்றூருக்கு நடந்து செல்வோர் உளர். விருதுநகரிலும் திருவில்லிபுத்தூரிலும் கல்வி பயிலும் மாணவியரும் அவ்வழியே திரும்புவர். இருள் சூழும் வேளையில், ஆளரவம் அற்ற வழியில், தீய எண்ணத்துடன் ஒருவன் பின்தொடர்ந்தால் என் செய்வது? இவ்வினாவிற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அம்மண்ணில் வழிவழியாகப் பயிலப்பட்டுவரும் சிலம்பக் கலையிலேயே ஒரு விடை உண்டு. ஆனால், அவ்விடை பலரும் எண்ணுவதுபோல் கம்பில் இல்லை.

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்பது பொருள். சுழலும் கம்பு காற்றில் எழுப்பும் ஒலியால் இக்கலைக்குச் சிலம்பம் என்னும் பெயர் அமைந்தது என்பர். நன்கு முற்றிய மூங்கிலையோ பிரம்பையோ தேர்ந்தெடுத்து, கணுக்களைச் சீவி, உலர்த்தி, எண்ணெய் பூசிப் பதப்படுத்துவர். நிலத்தில் ஊன்றி நிறுத்தினால் அக்கம்பு ஆடுபவரின் நெற்றியளவு உயரம் இருத்தல் வேண்டும். கம்பு வீச்சுடன் வெறுங்கையால் பொருதும் குத்துவரிசையும், மான்கொம்பு, சுருள்வாள் ஆகியவற்றைக் கையாளும் முறைகளும் இதனைச் சார்ந்து வளர்ந்தன.

பாளையக்காரர் காலத்தில் தென்பாண்டி நாட்டில் படைக்கலப் பயிற்சி பரவியிருந்தது. ஜேம்ஸ் வெல்சு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், தமக்கு வேல் எறியவும் வளரி வீசவும் முதன்முதலில் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று 1830-இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். அம்மருதுவை எதிர்த்து 1801-இல் போரிட்ட படையில் அவரும் இருந்தார் என்பது வரலாற்றின் விந்தை. அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பர்த் திங்கள் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு வெளியிட்ட அறிவிப்பு, மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடுத்தது. வேலும் வாளும் துப்பாக்கியும் பறிபோயின. ஆயின், ஆடு மேய்ப்பவன் கையில் உள்ளதும் கம்பு; கிழவன் ஊன்றி நடப்பதும் கம்பு. அதனை எங்ஙனம் பறிப்பது? சிலம்பம் கோயில் திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் விளையாட்டாக நின்று பிழைத்தது. தோட்டத் தொழிலாளராய்க் கடல் கடந்து சென்ற தமிழருடன் மலேயாவிற்கும் சென்றது. விருதுநகர் விருதுபட்டியாக இருந்த நாளில் அங்குப் பிறந்து வளர்ந்த காமராசரும் இளமையில் சிலம்பம் பயின்றார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர்.

திருவிழாவில் காண்போரின் கண் சுழலும் கம்பின்மீதே செல்லும். ஆசானின் கண்ணோ மாணவனின் காலின்மீது இருக்கும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதலில் கற்பிக்கப்படுவது காலடி வரிசையே. முன்னே ஓரடி வைத்தல், பின்னே ஓரடி வாங்குதல், பக்கவாட்டில் விலகுதல், நின்ற இடத்திலேயே திரும்புதல் என இவற்றையே நாள்தோறும் செய்யவேண்டும். ஆர்வமுள்ள சிறுவருக்கு இது சலிப்பைத் தரும். எனினும், கால் பழகாதவன் கையில் கம்பு இருந்தும் பயனில்லை. வரும் அடியைத் தடுப்பதினும் அது விழும் இடத்தில் இல்லாதிருப்பது மேலன்றோ? நேர்க்கோட்டில் பின்வாங்குவோன் துரத்தப்படுவான்; பக்கவாட்டில் விலகுவோன் எதிரியைத் திரும்பச் செய்து காலம் பெறுவான். பின்வாங்குதல் கோழைத்தனமன்று என்பதை விளக்கப் போருக்கு நிற்கும் ஆட்டுக்கடாவைத் திருவள்ளுவர் ‘காலமறிதல்’ என்னும் அதிகாரத்தில் உவமை காட்டியிருத்தலும் இங்கு எண்ணத்தக்கது.

காலுக்கு அடுத்துப் பயிற்றப்படுவது இடைவெளி. கம்பைச் சுழற்றுவோனைச் சுற்றி ஒரு வட்டம் அமைகிறது. அவ்வட்டத்திற்கு வெளியே நிற்பவனால் தீங்கில்லை. உள்ளே புக முயல்பவனிடமே விழிப்பு வேண்டும். நாளடைவில், கம்பு இல்லாதபோதும் அவ்வட்டம் பயின்றவன் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இரண்டு கை நீளத்திற்கு அப்பால் நிற்கும் ஒருவன் நம்மைத் தொட வேண்டுமாயின் ஓரடியேனும் முன்வைத்தாக வேண்டும். அந்த ஓரடியே நமக்கு வரும் அறிவிப்பு. வழி கேட்பவனாயினும் நேரம் கேட்பவனாயினும் அறிமுகமற்றவனை இவ்விடைவெளியில் நிறுத்திப் பேசுதல் தவறாகாது. இடைவெளியின் அருமையைப் பட்டாசுத் தொழிலாளருக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மருந்து கையாளும் அறைக்கும் அறைக்கும் இடையே வெற்றிடம் விடுவதும், விரைந்து வெளியேற வாயில்கள் வைப்பதும் அங்கு உயிர் காக்கும் விதிகளாகும். எவ்வழியே வெளியேறலாம் என்பதை நுழையும்போதே கண்டுகொள்ளும் அப்பழக்கம் பேருந்து நிலையத்திலும் கிளைச்சாலையிலும் உதவும்.

மூன்றாவது, கண். எதிராளியின் கம்பு நுனியை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். தோளும் இடுப்பும் அசையாமல் கை வீச இயலாது. ஆதலின், மார்பளவில் பார்வையை வைத்து முழு உடலையும் காணப் பழக்குவர். கைப்பேசியைப் பார்த்தவண்ணம், இரு காதுகளையும் அடைத்துக்கொண்டு நடப்போர் தம் முதற்காவலராகிய கண்ணையும் செவியையும் தாமே விடுப்பில் அனுப்பிவிடுகின்றனர்.

இடைவெளியைக் கடந்து ஒருவன் கையைப் பற்றிவிட்டால், குத்துவரிசையின் பிடிவிலக்கு முறைகள் பயன்படும். பற்றிய கையில் நான்கு விரல்கள் ஒருபுறமும் கட்டைவிரல் மறுபுறமும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடமே பிடியின் நலிந்த இடம். அவ்விடைவெளியை நோக்கி மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி, உடலின் வலிமை முழுவதும் சேர விரைந்து இழுத்தால் பிடி தளரும். வெறுமனே பின்னோக்கி இழுப்பவர் நான்கு விரல்களின் வலிமையோடு போராட நேரும். பிடி விலகியவுடன் உரக்கக் குரலெழுப்பி, மக்கள் உள்ள இடம் நோக்கி ஓடுதல் வேண்டும். ஓடுவதை வெட்கம் எனக் கருதுவோர் தற்காப்பின் நோக்கத்தை அறியாதவர். சப்பானில் சிகோரோ கானோ என்பவர் 1882-இல் தோற்றுவித்த சூடோ என்னும் மற்போரில், அடிபடாமல் விழும் முறை தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகிறது. தள்ளப்படும்போது தலை தரையில் மோதாதவாறு மோவாயை மார்போடு ஒட்டிக்கொள்வது வழுக்கும் குளியலறையிலும் பயன்படும்.

இக்கலையின் எல்லையையும் அறிதல் வேண்டும். கத்தி ஏந்தியவனையும் பலர் சேர்ந்து வருவதையும் திரைப்படத்தில் வெல்வதுபோல் வாழ்வில் வெல்ல இயலாது. பணப்பையைக் கேட்பவன் கையில் கத்தி இருப்பின் பணப்பையைக் கொடுத்துவிடுதலே அறிவுடைமை. ஓடு உடைத்துக் காட்டியும், சில நாளில் எவரையும் வீழ்த்தலாம் என்று கூறியும் மாணவரைச் சேர்ப்போரிடம் எச்சரிக்கை வேண்டும்.

சட்டமும் இவ்வெல்லையை வகுத்துள்ளது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்கிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தன் உடலையும் பிறர் உடலையும் காத்தற்பொருட்டுச் செய்யும் செயல் குற்றமாகாது. உடலுக்குத் தீங்கு நேரும் என்னும் தக்க அச்சம் தோன்றியவுடன் இவ்வுரிமை தொடங்கும். அவ்வச்சம் நீடிக்கும்வரை நிலைக்கும். தற்காப்பிற்குத் தேவையான அளவினும் மிகுந்த தீங்கு செய்ய இவ்வுரிமை இடம் தராது. தாக்க வந்தவனைத் தள்ளிவிடுதல் தற்காப்பு. விழுந்து, எழ வலியின்றிக் கிடப்பவனை மீண்டும் அடித்தல் தற்காப்பன்று. சிலம்பக் கூடத்தில் இருவர் பொருதும்போது கம்பு உடலைத் தொட்டதும் வீச்சை நிறுத்தப் பழக்குவதும் இவ்வளவறிதலே. போட்டிகளில் கம்பு நுனியில் வண்ணம் தோய்த்து, ஆடையில் பட்ட புள்ளிகளைக் கொண்டு வெற்றியை முடிவு செய்யும் வழக்கமும் உண்டு. அங்கு வேண்டப்படுவது தொடுதலேயன்றி நோவன்று.

ஒருகாலத்தில் ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பட்ட சிலம்பத்தை இன்று சிறுமியரும் பயில்கின்றனர். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பள்ளி மாணவியர்க்குத் தற்காப்புப் பயிற்சி அளிக்கும் திட்டமும் உள்ளது. பயிற்சி குறுகிய காலத்ததாயினும், குரலெழுப்பவும் நிமிர்ந்து நிற்கவும் கூசிய சிறுமி அக்கூச்சத்தை நீக்கிக்கொள்ள அது போதும்.

தீங்கு எப்போதும் இருட்டுச் சாலையில் அயலான் வடிவில் வருவதன்று. அறிந்தவரிடமிருந்தும் உறவினரிடமிருந்தும் வருதல் உண்டு. அங்குக் காலடியினும் சொல்லே முந்திச் செல்ல வேண்டும். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ உடனே கூறுதல் வேண்டும். ஒருவர் செவிசாய்க்காவிடின் மற்றொருவரிடம் கூறுதல் வேண்டும். குழந்தைகளுக்கு உதவ 1098 என்னும் தொலைபேசி எண்ணும், பெண்களுக்கு உதவ 181 என்னும் எண்ணும், எந்நெருக்கடிக்கும் 112 என்னும் எண்ணும் உள்ளன.