கம்பி பாதி, வண்டி பாதி

கேம்பர் வேனில் ஹாம் வானொலி ஆண்டெனா பொருத்த நினைப்பவர்கள் எந்தக் கம்பி வாங்குவது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அது எதன்மேல் நிற்கப்போகிறது என்பதல்லவா முதல் கேள்வி? கால் அலைநீளக் கம்பி பாதி ஆண்டெனாதான். மறுபாதி அதன் அடியிலுள்ள உலோகப் பரப்பு. கம்பியில் ஏறும் மின்னோட்டத்துக்கு ஈடாக அந்தப் பரப்பிலும் மின்னோட்டம் ஓடியாக வேண்டும். ஐரோப்பாவில் அதிகம் காணப்படும் ஃபியட் டுகாட்டோ பெட்டி வேனின் கூரை எஃகு. 145 மெகாஹெர்ட்ஸுக்கான அரை மீட்டர் கம்பியை அதன் நடுவில் நட்டால் வேலை முடிந்தது. அதே டுகாட்டோ சேசிஸில் கட்டிய மோட்டார்ஹோம்கள் பலவற்றின் கூரையோ ஃபைபர் கிளாஸ். அதில் காந்த அடி ஒட்டாது என்பது சின்னச் சிக்கல். ஓட இடமில்லாத மின்னோட்டம் கேபிளின் வெளியுறை வழியே வண்டிக்குள் இறங்குவதுதான் பெரிய சிக்கல். கூரையின் உட்புறம் அலுமினியத் தகடு ஒட்டி இதைத் தீர்க்கலாம். அரை அலைநீளக் கம்பிக்கு அடியில் இந்த உலோகப் பரப்பு அவ்வளவாகத் தேவையில்லையே என்பார்கள். உண்மைதான், 145இல் அது ஒரு மீட்டர்தான். 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆகிவிடும். ஓடும் வண்டியில் அதை எங்கே நிறுத்துவது?

அங்கே இரண்டரை மீட்டர் கம்பியும் அடியில் ஒரு சுருளும் என்று ஒப்பேற்ற வேண்டியதுதான். அப்படிக் குறுகிய கம்பியின் கதிர்வீச்சுத் தடை சுமார் ஒன்றரை ஓம். சுருளும் வண்டியுடலும் மண்ணும் சேர்ந்து 15 ஓம் விழுங்குவதாக வைத்துக்கொண்டால், 100 வாட்டில் 9 வாட்தான் வானேறும், பொருத்தம் எப்படி என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (நிலையலை விகித) மீட்டரும் மூன்றுக்கு ஒன்று என்று முறைக்கும். இழப்பு 48 ஓமுக்கு உயரட்டும்: மொத்தம் கிட்டத்தட்ட 50 ஓம், மீட்டர் அழகாக ஒன்றுக்கு ஒன்று காட்டும், வெளியேறுவது மூன்றே வாட்! பொருத்தும் சுற்று ஏதுமில்லாமலே முள் படிந்து நின்றால் சந்தேகப்படுவது நல்லது. ‘எனக்கு எல்லாருடைய குரலும் நன்றாகக் கேட்கிறதே’ என்ற வாதமும் நிற்காது. இந்த அலைவரிசையில் வரும் குரலோடு வெளி இரைச்சலும் சேர்ந்தே தேய்வதால், மோசமான ஆண்டெனாவிலும் கேட்பது கேட்கும். நாம் பேசுவதுதான் போய்ச் சேராது. அயனி மண்டலம் சாதகமாக இருக்கும் நாளில் மூன்று வாட்டும் கண்டம் தாண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நாளை நம்பியா கூரையில் துளை போடுவது?

துளைக்கு அஞ்சி பின்கதவிலோ ஏணியிலோ கிளாம்ப் மாட்டுபவர்கள் உண்டு. மழைநீர் கசியும் என்ற அவர்களின் பயம் நியாயமானது. ஆனால் பெயின்ட்டும் கிரீஸும் படிந்த கீலை நம்பி மின்னோட்டத்தை அனுப்ப முடியாது. ஏணிக்கும் கதவுக்கும் உடலுக்கும் இடையே பெயின்ட்டைச் சுரண்டி, அகலமான செப்புப் பின்னல் பட்டைகளைத் திருகாணியால் முடுக்கிவிட வேண்டும், அதுவும் கம்பி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே.