புளியமரமும் எண்ணெயும்

அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவைக் கவுண்டி என்கிறார்கள். நம் மாவட்டம் மாதிரிதான், ஆனால் அளவில் சிறியது. டெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டிகள். அதன் மேற்குப் பகுதியில் பேகோஸ் ஆற்றை ஒட்டி இருக்கும் லவ்விங் கவுண்டிக்குப் போவோம். பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 64 பேர்.

அந்தக் கவுண்டியின் தலைமையிடம் மென்டோன். நகராட்சிகூட இல்லாத சிற்றூர். அங்கே தலைமையிடத்துக்கு 'இருக்கை' என்றுதான் பெயர். கவுண்டியின் நீதிமன்றக் கட்டடம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊருக்கு அந்தப் பெயர். மென்டோனின் கட்டடம் 1935இல் எழுந்தது. உள்ளே கவுண்டி ஜட்ஜ் ஒருவர், அவரோடு நான்கு கமிஷனர்கள். ஜட்ஜ் என்றாலும் அவர்தான் நிர்வாகத் தலைவர். நம் கலெக்டரைப் போல மேலிடம் அனுப்பிவைப்பவர் அல்ல. ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்.

64 பேருக்கு இத்தனை ஏற்பாடா, பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. தலையை எண்ணிப் பார்ப்பதால் வரும் தடுமாற்றம் இது. கவுண்டியின் முக்கிய வேலை நிலத்தைப் பற்றியது, நிலமோ அங்கே ஏராளம்.

நம் ஊர்களில் வயல் ஒருவருடையதாகவும் வரப்பில் நிற்கும் புளியமரம் இன்னொருவருடையதாகவும் இருப்பதுண்டு அல்லவா? டெக்சாசில் நிலத்தின் மேற்பரப்பை ஒருவருக்கும், அடியில் கிடக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் இன்னொருவருக்கும் எழுதிக்கொடுக்கலாம். லவ்விங்கில் 1921இல் எண்ணெய் கிடைத்தது. ஒருவர் இறந்தால் அவருடைய எண்ணெய் உரிமை பிள்ளைகளுக்குப் பிரியும், பிறகு பேரப்பிள்ளைகளுக்கு. உரிமையாளர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். பத்திரங்களின் பதிவு மட்டும் கவுண்டி கிளார்க்கின் அலுவலகத்தில் இருக்கும்.

அதனால் எண்ணெய்க் கிணறு தோண்ட நினைக்கும் நிறுவனம் முதலில் அங்கே ஆள் அனுப்புகிறது. அந்த ஆளை லேண்ட்மேன் என்பார்கள். நாம் வீடு வாங்கும்முன் வில்லங்கம் பார்ப்பதுபோல, மூலப்பத்திரம் தொடங்கி யார் யாருக்கு விற்றார், யாருக்கு எழுதிவைத்தார் என்று அவர் பொறுமையாகத் தொடர்ந்து வருவார். ஒரு கண்ணி விடுபட்டாலும் வழக்குதான். இந்த எண்ணெய்ச் சொத்துகளுக்குக் கவுண்டி வரி விதிக்கிறது. 64 பேருடைய சட்டைப்பையை நம்பி அது நடக்கவில்லை.

இடையில் ஒருமுறை இந்தக் கவுண்டி இல்லாமலும் போயிருக்கிறது. 1893இல் இதை அமைத்தவர்கள் செய்த மோசடி வெளிப்பட்டதும், 1897இல் கலைத்து ரீவ்ஸ் கவுண்டியோடு சேர்த்தார்கள். எண்ணெய் வந்து ஆட்கள் குடியேறிய பிறகு 1931இல் மறுபடி அமைந்தது. டெக்சாசில் கடைசியாக அமைந்த கவுண்டி இதுவே.

தலையை எண்ணி நடக்கும் காரியங்களும் அங்கே உண்டு. பள்ளிக்கூடம் அப்படிப்பட்டது. பிள்ளைகள் குறைந்ததால் மென்டோன் பள்ளி மூடப்பட்டது. இப்போது அவர்கள் பக்கத்துக் கவுண்டியில் உள்ள விங்க் என்ற ஊருக்குப் போய்ப் படிக்கிறார்கள். நீதிமன்றக் கட்டடம் மட்டும் மென்டோனிலேயே இருக்கிறது.