இந்தியாவில் மனநலப் பாதிப்பு: புள்ளிவிவரங்கள் ஏன் மாறுபடுகின்றன? பொது அளவுகோலும் தரவுப் பகிர்வும் – ஒரு விளக்கம்

புதுடெல்லி: இந்தியாவில் மனநலப் பாதிப்புடன் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர். 2017ஆம் ஆண்டு நிலவரம் குறித்து 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, மொத்த மக்கள்தொகையில் 14.3 சதவீதத்தினர், அதாவது 19.73 கோடி பேர்.

இவற்றில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று கூற இயலாது. முதலாவது, வீடு வீடாகச் சென்று வயதுவந்தோரிடம் நடத்தப்பட்ட நேர்காணலில் கிடைத்தது. இரண்டாவது, பல்வேறு தரவுகளை இணைத்து, குழந்தைகள் உள்பட அனைத்து வயதினருக்கும் கணிக்கப்பட்டது. அளக்கும் முறை வேறுபடும்போது விடைகளை நேரடியாக ஒப்பிட முடியாது. மருத்துவர் பணியிடங்கள், மருந்துகள், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு இத்தகைய எண்களே அடிப்படை என்பதால், இது ஆய்வாளர்களின் சிக்கல் மட்டும் அல்ல.

எத்தனை அளவுகோல்கள்?

மனச்சோர்வைக் கண்டறிய ரத்தப் பரிசோதனை கிடையாது. வினாத்தாள்களும் நேர்காணல்களுமே கருவிகள். மனச்சோர்வை அளக்க மட்டும் கடந்த ஒரு நூற்றாண்டில் 280க்கும் மேற்பட்ட அளவுகோல்கள் உருவாக்கப்பட்டுள்ளன.

பரவலாகப் பயன்படும் ஏழு அளவுகோல்களை உளவியலாளர் ஐகோ ஃப்ரீட் 2017ஆம் ஆண்டில் ஒப்பிட்டார். அவற்றில் மொத்தம் 52 வெவ்வேறு அறிகுறிகள் இடம்பெற்றிருந்தன. ஏழிலும் பொதுவாக இருந்தவை 12 சதவீதம் மட்டுமே. 40 சதவீத அறிகுறிகள் ஏதேனும் ஒரே ஓர் அளவுகோலில் மட்டும் காணப்பட்டன. ஒரே நபர் ஒரு வினாத்தாளின்படி நோயாளியாகவும், மற்றொன்றின்படி நலமானவராகவும் கருதப்படக்கூடும்.

2020ஆம் ஆண்டு முடிவு

இதற்குத் தீர்வாக, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனமும் 2020ஆம் ஆண்டில் பொது அளவீடுகளை அறிவித்தன. வயதுவந்தோரின் மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, மனப்பதற்றத்துக்கு ஜிஏடி-7, சிறார் மற்றும் பதின்வயதினருக்கு ஆர்சிஏடிஎஸ்-25, அன்றாடச் செயல்பாட்டுக்கு உலக சுகாதார அமைப்பின் ஹூடாஸ் 2.0 ஆகியவை அவை. ஆய்வாளர்கள் தாங்கள் விரும்பும் பிற அளவுகோல்களையும் கூடுதலாகப் பயன்படுத்தலாம்.

பிஎச்க்யூ-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள் உள்ளன. கடந்த இரு வாரங்களில் ஒவ்வோர் அறிகுறியும் எவ்வளவு அடிக்கடி இருந்தது என்பதற்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் வழங்கப்படும். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் பெற்றால் மருத்துவப் பரிசோதனை தேவை எனக் கருதப்படுகிறது.

பகிர்ந்ததால் தெரிந்த பிழை

பொது அளவுகோல் இருந்தால் மட்டும் போதாது. அதன் மூலம் திரட்டிய தரவுகளும் பகிரப்பட வேண்டும். 44 ஆய்வுகளில் பங்கேற்ற 9,242 பேரின் தனிநபர் தரவுகளை ஒருங்கிணைத்து 2020ஆம் ஆண்டில் வெளியான பகுப்பாய்வு இதற்குச் சான்று. பிஎச்க்யூ-9இல் 10 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள் 24.6 சதவீதம். ஆனால், முறையான மருத்துவ நேர்காணலில் மனச்சோர்வு உறுதியானவர்கள் 12.1 சதவீதம் மட்டுமே.

அதாவது, வினாத்தாள் மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நோயாளிகளை எண்ணினால் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். சிறிய ஆய்வு ஒன்று தனித்து நின்று இதை உறுதிப்படுத்தியிருக்க முடியாது. ஓர் அளவுகோலின் குறையைக் கண்டறியவும் பகிரப்பட்ட தரவுகளே உதவுகின்றன.

மொழியும் நம்பிக்கையும்

பொது அளவுகோலுக்கு எதிர்வாதங்களும் உள்ளன. முதலாவது மொழி. தமிழில் 'கவலை' என்ற சொல் வருத்தத்தையும் குறிக்கும், வருவதை எண்ணிய அச்சத்தையும் குறிக்கும். மனச்சோர்வையும் மனப்பதற்றத்தையும் தனித்தனியே அளக்கும் வினாத்தாளில் அச்சொல்லைக் கவனமின்றி இட்டால் விடைகள் குழம்பும். மன வேதனையைத் தலைவலி, உடல் அசதி என்றே மருத்துவரிடம் கூறுவோரும் ஏராளம். எனவே, மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அந்தந்த மொழி பேசுவோரிடம் சோதித்த பின்னரே வினாத்தாளைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, ரகசியம். பெயரை நீக்கினாலும், சிற்றூரின் பெயர், வயது, தொழில், நோய் ஆகியவை சேர்ந்தால் ஒருவரை அடையாளம் காண இயலும். திருமணமும் வேலையும் பாதிக்கப்படும் என்ற அச்சம் நிலவும் சமூகத்தில் இது சிறிய ஆபத்து அன்று. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக அங்கீகரித்துள்ளது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய தரநிலைகளுக்கு உட்பட்டு ஆய்வுப் பணிகளுக்கு விலக்கு அளிக்கிறது.

தரவுகளைப் பொதுவெளியில் வைக்காமல், தகுதியுள்ள ஆய்வாளர்களுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் வழங்குவது இதற்கான நடைமுறை வழி. தனது விடைகள் பிற்காலத்தில் வேறு ஆய்வுகளுக்கும் பயன்படக்கூடும் என்பதைப் பங்கேற்பாளருக்கு அவரது மொழியில் விளக்கி, முன்கூட்டியே ஒப்புதல் பெறுவதும் அவசியம். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் உண்மையான விடையும் கிடைக்காது.

பிஎச்க்யூ-9 உள்ளிட்ட வினாத்தாள்களின் மதிப்பெண் மட்டுமே நோய் உறுதிப்பாடு ஆகாது. மன உளைச்சலுக்கு ஆலோசனை தேவைப்படுவோர், மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.